டப்பாவைக் கீழே வை, நோரீன்

"'நோரீன், அழறவங்களுக்கு டிஷ்யூ எடுத்து நீட்டாதே. வேணும்னா அவங்களே கை நீட்டி எடுத்துக்குவாங்க. டப்பாவைக் கீழே வை.' கேட்டுக்கிட்டியா? இந்த வார்த்தையை இந்தக் காதால கேட்டேன். அத்தனை பொம்பளைங்க முன்னாடி. என்னமோ நான் அந்தப் பொண்ணோட கைப்பையில கையை விட்டாப்பல. ஏம்மா, நீயே சொல்லு, எதிர்ல ஒருத்தி மூக்கு ஒழுக ஒழுக உக்காந்து அழறா, டப்பா என் பக்கத்துல இருக்கு, எடுத்துக் குடுத்தா அது ஒரு குத்தமா? கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கு கண்ணு. இந்த ரெண்டு விரல் சந்துல வாயை வச்சுப் பேசறதுக்கு நான் என்ன பாவசங்கீர்த்தனமா பண்றேன்?"

காரின் கண்ணாடி இன்னும் கொஞ்சம் இறங்கியது. உள்ளே ஒரு பெண், இருபத்தைந்து இருக்கலாம், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

நோரீன் கோபமாக வெளியே வந்தவள். கோபமாக வெளியே வருகிறவர்கள் கதவை அறைந்து சாத்திவிட்டு வர வேண்டும். ஆனால் அந்த பாப்டிஸ்ட் சபைக் கூடத்தின் பின்கதவுக்கு மேலே ஒரு இரும்புக் கை உண்டு. எவ்வளவு பலமாக அறைந்தாலும் அது உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு தன் இஷ்டத்துக்குத்தான் சாத்தும். அது சாத்தி முடிப்பதற்குள் நோரீனின் கோபத்தில் பாதி வீணாகிவிட்டது. மீதிப் பாதியை யார் தலையிலாவது கொட்டியாக வேண்டும். வண்டிகள் நிற்கிற இடத்தில் ஆள் இருந்த கார் இது ஒன்றுதான். கென்டக்கியில் ஜூன் மாதத்துச் சாயங்காலம் சீக்கிரத்தில் இருட்டாது; அந்தப் பெண்ணால் ஒளிந்துகொள்ளவும் முடியவில்லை.

நோரீனின் கக்கத்தில் அந்த டிஷ்யூ டப்பா இருந்தது. கோபத்தில் அதையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அது அவளுக்கே இன்னும் தெரியாது.

"இல்லல்ல, நீ இறங்க வேணாம். நான் உன்னை உள்ளே கூப்பிட வரல. எனக்கும் அந்த ரூமுக்கும் இனிமே ஒட்டுமில்ல உறவுமில்ல, நான் எதுக்கு ஆள் சேக்கப் போறேன்? என்ஜினையும் நிறுத்தாதே, ஓடட்டும். உன் பெட்ரோல். புதுசுதானே நீ? கையில அந்த மஞ்சச் சீட்டைப் பாத்தாலே தெரியுது. மருந்துக்கடைப் பலகையில குத்தியிருக்குமே. 'வியாழக்கிழமை மீட்புக் கூட்டம். மனக்காயமோ கெட்ட பழக்கமோ, எதுவானாலும் வாருங்கள். இரவுச் சாப்பாடு உண்டு.' அந்தச் சாப்பாட்டு வரியைப் போடச் சொன்னது நான்தான். பாதிப் பேர் அதுக்குத்தான் வராங்க, மேவிஸ் ஒத்துக்க மாட்டா.

"மேவிஸ்தான் பெண்கள் வட்டத்துக்குத் தலைவி. இப்ப என்னை டப்பாவைக் கீழே வைன்னு சொன்னாளே, அவதான். கடைத்தெருவுல நாய்க்கு முடி வெட்டற கடை வச்சிருக்கா. பேச்செல்லாம் அங்கேர்ந்து வந்ததுதான். உக்காரு. இரு. கீழே வை. நாயெல்லாம் கேக்குது, நான் கேக்கல, அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

"அவ வட்டத்துல ஒருத்தி பேசினா மத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது. குறுக்குப் பேச்சுன்னு அதுக்குப் பேரு. புத்தி சொல்லக் கூடாது. எங்க அத்தைக்கும் இப்படித்தான்னு ஆரம்பிக்கக் கூடாது. அடப் பாவமேன்னுகூட சொல்லக் கூடாது. சும்மா உக்காந்து கேக்கணும். இப்ப நீ உக்காந்திருக்கே பாரு, அதே மாதிரி. உன்னை மேவிஸ் தலைமேல தூக்கி வச்சுக்குவா. பேசறதுக்கும் அளவு உண்டு. ஒரு கோழி வச்சிருக்கா. நிஜக் கோழி இல்ல, முட்டை வேக நேரம் பாக்க முறுக்கி வைப்போமே, நேரமானா கத்தற பொம்மைக் கடிகாரம், அந்தக் கோழி. என் அடுப்படிக் கோழிதான் அது. எல்லாரும் அளவாப் பேசட்டும்னு நானே கொண்டு போய்க் குடுத்தேன். குடுத்த அன்னைக்கே அது என்னைப் பாத்துத்தான் முதல்ல கத்துச்சு.

"என்ன? யாரு அழுதான்னு கேக்கறியா? பேர் சொல்லக் கூடாது கண்ணு, இங்க கேட்டது இங்கேயே இருக்கணும், அதுவும் விதி. தபாலாபீஸ் பொண்ணுன்னு வச்சுக்க."

அந்த ஊரில் தபாலாபீஸ் ஒன்று. அதில் வேலை செய்கிற பெண்ணும் ஒருத்திதான். நோரீன் அதைப் பற்றி யோசிக்கவில்லை. காரின் கதவில் முழங்கையை வசதியாக ஊன்றிக்கொண்டாள்.

"உண்மையைச் சொன்னா நான் இவங்க ஆளே இல்ல. கத்தோலிக்கக் குடும்பம் எங்களோடது. கன்னியாஸ்திரிங்க நடத்தின பள்ளிக்கூடத்துல படிச்சேன். வெர்னனைக் கட்டிக்கிட்டு பாப்டிஸ்ட் பக்கம் வந்துட்டேன். எங்க பக்கம் பாவசங்கீர்த்தனம்னா ஒரு மரியாதை இருக்கும். இருட்டா ஒரு பெட்டி, நடுவுல தட்டி, அந்தப் பக்கம் அரைத் தூக்கத்துல ஒரு சாமியார். சொன்னமா, அவர் குடுத்த ஜெபத்தைச் சொன்னமா, வீட்டுக்குப் போய்ச் சூப்பைச் சுட வச்சமான்னு இருக்கும். இங்க என்னடான்னா பட்டப்பகல் மாதிரி ட்யூப் லைட்டு, வட்டமா நாற்காலி, மூஞ்சிக்கு நேரே மூஞ்சி. காப்பியை உறிஞ்சிக்கிட்டே பாவத்தைச் சொல்றாங்க. அதுக்கப்புறம் கேக் வேற.

"சிஸ்டர் பெனடிக்டான்னு ஒருத்தர் இருந்தாங்க. தினமும் காலையில பிரம்பால எங்க பையைத் தட்டிக் காட்டுவாங்க. இஸ்திரி போட்ட கைக்குட்டை ஒண்ணு எடுத்துக் காட்டணும். 'இது உனக்கில்லை, உன் பக்கத்துல அழறவளுக்கு'ன்னு சொல்லிச் சொல்லி வளத்தாங்க. நாமளே அழுதா என்ன பண்றதுன்னு ஒருத்தி கேட்டா. அவளை வெளியே நிக்க வச்சுட்டாங்க. அந்த வளப்பு எனக்கு. இன்னைக்கு வரைக்கும் கைக்குட்டை இல்லாம வாசப்படி தாண்டினதில்ல. இப்ப இல்ல, அது வேற விஷயம். வெர்னன் சட்டைப் பையில வச்சு அனுப்பினேன். அதைச் சொல்றேன் இரு.

"வெர்னன் எங்க வீட்டு மனுஷன். அவருக்காகத்தான் இங்க வந்ததே. மனுஷன் ஒருநாள் குடிச்சுட்டு வங்கிக்குப் போனாரு. காரோட. கதவு வழியா இல்ல, சுவத்து வழியா. யாருக்கும் அடியில்ல, தேவனுக்கு ஸ்தோத்திரம். வாசல்ல இருந்த பூந்தொட்டி மட்டும் போச்சு. நீதிபதி லைசென்ஸைப் புடுங்கிட்டு, வாராவாரம் இந்தக் கூட்டத்துக்குப் போகணும்னுட்டாரு. அப்ப வியாழக்கிழமையானா இவரை யார் கொண்டாந்து விடறது? நான். கூட்டிட்டுப் போறது? நான். நடுவுல என்ன பண்றது? சமையக்கட்டுல புகுந்தேன். அங்க மூணு பேர் சேந்து ஒரு உருளைக்கிழங்கை அவிக்கத் தெரியாம நின்னுக்கிட்டு இருந்தாங்க. சரி, இங்கதான் ஆண்டவர் நம்மளை வச்சிருக்காருன்னு இருந்தேன். எனக்குன்னு ஒரு பிரச்னையும் இல்ல, நான் ஓட்டுநர். அப்படியே இருந்திருப்பேன். அந்தச் சோளரொட்டி கெடுத்துச்சு.

"என்ன ஆச்சுன்னா, சாப்பாட்டுக்கப்புறம் எல்லாரும் பெரிய கூடத்துல உக்காந்து பாடுவாங்க. அது முடிஞ்சதும் கூட்டத்தை நடத்தற சகோதரர் கேல்வின் முன்னாடி வந்து வில்லை குடுப்பாரு. காசு மாதிரி வட்டமா பிளாஸ்டிக்ல இருக்கும். இத்தனை மாசம் தொடாம இருந்தவங்களுக்கு ஒரு நிறம், வருஷம் தாண்டினா வேற நிறம். இனிமே என்னால முடியாது, ஆண்டவரே நீயே பாத்துக்கன்னு தன்னை ஒப்புக்கொடுக்கறவங்களுக்கு நீலம். நீலத்துக்கு யாரும் லேசுல எழுந்திருக்க மாட்டாங்க. அன்னைக்கு மறுவாரத்துக்குன்னு ரெண்டாவது தட்டுச் சோளரொட்டி ஓவன்ல வச்சிருந்தேன். ஓவன் புகைய ஆரம்பிச்சுடுச்சு. சாவி கேல்வின்கிட்ட, ஜன்னலைத் திறக்கணும். நான் அடுப்புக் கையுறையோட பக்கத்துக் கதவு வழியா ஓடறேன். அதே சமயம் அவர் கண்ணை மூடிக்கிட்டு, 'இன்னைக்கு யாராவது தங்களை ஒப்புக்கொடுக்க வரீங்களா'ன்னு கேட்டு முடிச்சுட்டுக் கண்ணைத் திறக்கறாரு. எதிர்ல நான். மூச்சு வாங்க நிக்கறேன். புகையில கண்ணெல்லாம் தண்ணி.

"சிரிக்கறியா? சிரி. கையுறையிலேயே வில்லையை வச்சு அமுத்திட்டாரு. கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. கூடமே எழுந்து நின்னு கை தட்டுது. கடைசி வரிசையில வெர்னன் தேம்பித் தேம்பி அழறாரு. நான் என்னன்னு சொல்றது? சோளரொட்டி கருகுதுன்னா? அவர் காதுல சொல்லத்தான் சொன்னேன், 'சகோதரரே, ஓவன்'ன்னு. 'ஆமென்'ன்னுட்டாரு. கரியாப் போன அந்த ரொட்டியை அன்னைக்கே எல்லாரும் காப்பியோட உக்காந்து சாப்பிட்டாங்க, ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லல. இங்க யாரும் யாரையும் திருத்த மாட்டாங்கன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

"அதோட மேவிஸ் கையைப் புடிச்சு வட்டத்துல உக்கார வச்சுட்டா. வாராவாரம் வரிசையாச் சொல்லணும். 'நான் இன்னார், இயேசுவுக்குள்ள நன்றியுள்ள விசுவாசி, என் போராட்டம் இன்னது.' ஒருத்தி மாத்திரைங்கறா, ஒருத்தி கோபம்ங்கறா, ஒருத்தி சீட்டாட்டம்ங்கறா. என் முறை வந்துச்சு. 'நான் நோரீன், நன்றியுள்ள விசுவாசி, என் போராட்டம் என் வீட்டுக்காரர்'ன்னேன். மேவிஸ் சொல்றா, 'வெர்னனோட போராட்டத்தை வெர்னன் ஆம்பளைங்க ரூம்ல சொல்லிக்குவாரு. உன்னுது எது?' என்னுது எதுன்னா? கெட்டவார்த்தை தெரியாது, ஒயின்கூட நற்கருணைக்கு வாங்கினதோட சரி. மறுவாரமும் வீட்டுக்காரர்னேன். அதுக்கு மறுவாரமும். இப்பல்லாம் நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவங்க எல்லாரும் மனசுக்குள்ள சேந்து சொல்றாங்க, எனக்குத் தெரியும்.

"ஆனா மனுஷன் குடியை விட்டுட்டாரு கண்ணு. அதை நான் மறைக்க மாட்டேன். ஒரு வருஷம் ஆச்சு, இன்னைக்குத்தான் அந்த வில்லை வாங்கினாரு. நல்லதுதான். நான் வேணாங்கல. ஆனா... எப்படிச் சொல்றது. இப்ப எனக்கு முன்னாடியே எழுந்து அவரே காப்பி போடறாரு. எனக்கும் சேத்து. வாயில வைக்க வழங்கல. குடிச்சுட்டு நல்லாருக்குங்கறேன். மனசு சரியில்லன்னா போனைத் தூக்கிக்கிட்டு வெளியே போயிடறாரு. அவருக்குன்னு ஒரு துணையாள் குடுத்திருக்காங்க, ட்ராக்டர் ரிப்பேர் பண்ற பையன், அவன்கிட்ட சொல்றாரு. இத்தனை வருஷம் இவர் மனசுல இருக்கறதை இவர் சொல்லாமலே தெரிஞ்சுக்கிட்டவ யாரு? ட்ராக்டர்காரனா? இவர் ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா நான்தானே முடிச்சுக் குடுப்பேன். இப்ப என்னடான்னா, 'நோரீன், நானே முடிச்சுக்கறேன்'ங்கறாரு. சொல்லிட்டு முடிக்கறாரான்னா அதுவும் இல்ல. நடுவுல நிறுத்தி யோசிக்கறாரு. அந்த நடுவுல எனக்கு உயிர் போயிட்டுப் போயிட்டு வருது."

அந்தப் பெண் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்திருந்தாள். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் மாட்டுகிற காகித வளையம் இன்னும் இருந்தது. நோரீன் அதைப் பார்த்தாள். கத்தரித்துவிட வேண்டும் என்று விரல்கள் துறுதுறுத்தன. கைப்பையில் சின்னக் கத்தரிக்கோல் உண்டு; கைப்பை உள்ளே, நாற்காலிக்கு அடியில். அதனால் பேச்சைத் தொடர்ந்தாள்.

"இன்னைக்கு மைக்கைப் புடிச்சு, தான் திருந்தின கதையைச் சாட்சியாச் சொன்னாரு வெர்னன். நாங்க ரெண்டு பேரும் கல்யாணத்துல சொன்ன வாக்குறுதிக்கப்புறம் இந்த மனுஷன் பத்துப் பேர் முன்னாடி பேசி நான் பாத்ததில்ல. கைக்குட்டையைச் சட்டைப் பையில வச்சு, 'தேவைப்படும், எடுத்துக்க'ன்னு அனுப்பினேன். நல்லாத்தான் ஆரம்பிச்சாரு. 'எனக்கு ஒவ்வொரு திங்கக்கிழமையும் காய்ச்சல் வரும். நோரீன்தான் மர ஆலைக்கு போன் பண்ணிச் சொல்லுவா. எவ்வளவு அழகாச் சொல்லுவான்னா, ஒருதடவை ஆலையே சேந்து கையெழுத்துப் போட்டு, சீக்கிரம் குணமாகணும்னு வாழ்த்து அட்டை அனுப்பிச்சு.' எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அந்த அட்டையை ரொம்ப நாள் ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருந்தேன், அதுல பூனைக்குட்டி படம் போட்டிருக்கும்.

"அப்புறம் சொல்றாரு, 'போன மாசம் எனக்குப் பல் வலி. என் அறுபது வயசுல முதல்தடவையா நானே மேஸ்திரிக்கு போன் போட்டு, இன்னைக்கு வரலன்னு சொன்னேன். ரெண்டு தடவை நம்பரைத் தப்பா அழுத்தினேன். நோரீன் என்னை ஒருதடவை விழ விட்டிருந்தா, இந்த போனை நான் என்னைக்கோ போட்டிருப்பேன்.' அவ்வளவுதான். எல்லாரும் எழுந்து நின்னு தட்டறாங்க. அவருக்குக் கையைத் தட்டறாங்களா, என் தலையைத் தட்டறாங்களான்னு எனக்கு விளங்கல. கைக்குட்டையையும் எடுக்கல மனுஷன். புறங்கையால தொடச்சுக்கிட்டாரு, சின்னப்புள்ள மாதிரி.

"விழ விடறதாம். ஏம்மா, விழறவரைப் பாத்துக்கிட்டு நிப்பாளா ஒருத்தி? அந்த வேலை போயிருந்தா வீடு போயிருக்கும். வீட்டைக் காப்பாத்தினது எந்த ட்ராக்டர்காரன்? அந்தச் சூட்டோட வட்டத்துல வந்து உக்காந்தேன். தபாலாபீஸ் பொண்ணு அழ ஆரம்பிச்சா. நான் என்ன யோசிச்சா போனேன்? கை தானா போச்சு. டப்பாவைத் தூக்கிக்கிட்டு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு நடந்துட்டேன். அவ பேசிக்கிட்டு இருந்தது நின்னு போச்சு. மூக்கைச் சிந்திட்டு, 'அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல'ன்னுட்டா. மேவிஸ் சொல்றா, 'பாத்தியா, அவ இன்னைக்குத்தான் சொல்ல வந்தா. நீ மூடிட்டே.' டிஷ்யூ குடுத்தா மூடறதாம். அழாதேன்னு அர்த்தமாம். அப்புறம்தான் அந்த வார்த்தை, டப்பாவைக் கீழே வைன்னு. அதோட விட்டாளா? 'உன் கை சும்மா இருந்தா என்ன ஆகும், நோரீன்?'ன்னு ஒரு கேள்வி. இப்ப நான் கேக்கறேன், அது குறுக்குப் பேச்சில்லையா? தலைவின்னா விதி கிடையாதா? எழுந்து வந்துட்டேன்.

"போகட்டும், நல்லதாப் போச்சு. அடுத்த வாரம் அவருக்கு லைசென்ஸ் வந்துடுது. அவரே ஓட்டிக்கிட்டு வந்துடுவாரு. என் வேலை முடிஞ்சுது. சமையக்கட்டுலயும் இப்ப உருளைக்கிழங்கு அவிக்கக் கத்துக்கிட்டாங்க. மேவிஸ்தான் தெருவுல பாத்தப்போ, 'ஓட்டுநரா வர வேணாம் நோரீன், சும்மா வா'ன்னா. சும்மா எதுக்கு வரணும்? சும்மா வர்றதுக்கு ஆளுக்கு ஒரு பிரச்னை வேணுமில்ல? உனக்கு என்னம்மா? புருஷனா? அம்மாவா? சரி, கேக்கக் கூடாது. நான் கேக்கல. நீயாத்தான் இருக்கும். மாத்திரையா? தலையாட்டாதே, நான் கேக்கவேயில்ல."

நோரீன் கேட்கவில்லைதான். பார்த்தாள். பின் சீட்டில் ஒரு குழந்தை நாற்காலி, வார்கள் நேராக இழுத்து மாட்டி, யாரும் உட்காராமல் இருந்தது. அதன் மேல் ஒரே ஒரு குட்டிச் சாக்ஸ்.

"பையனா? பொண்ணா? யார்கிட்ட இருக்கு? உங்க அம்மா வச்சிருக்காங்களா... பாக்க விடறாங்களா?"

அந்தப் பெண் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தைக்குப் பதில் வேறு ஒன்று வந்தது. நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் நோரீன் தன் கக்கத்தில் டப்பா இருப்பதைக் கண்டாள். கை அதற்குள் அதன் மேல் போயிருந்தது. ஒரு தாள் பாதி வெளியே வந்தும்விட்டது. கண்ணாடிச் சந்து தாராளமாக இருந்தது, நீட்டினால் அந்தப் பெண்ணின் கன்னத்துக்கே எட்டும்.

நோரீனுக்கு அந்தத் தாளை மறுபடி டப்பாவுக்குள் திணிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை எந்தக் கோழியும் அளக்கவில்லை. திணித்தாள். டப்பாவைக் கொண்டுபோய்க் காரின் முன்மூடி மேல் வைத்தாள். உள்ளே இருந்தபடி கை நீட்டினால் அது எட்டாது, இறங்கித்தான் எடுக்க வேண்டும் என்பது வைத்த பிறகுதான் உறைத்தது. மாற்றி வைக்கப் போனாள். போகவில்லை. இரண்டு கைகளையும் கக்கத்தில் அமுக்கிக்கொண்டு, காருக்கு முதுகைக் காட்டி, வேலிக்கு அப்பால் இருந்த வைக்கோல் வயலைப் பார்த்து நின்றாள். வாய் மட்டும் நிற்கவில்லை.

"நான் பாக்கல. நீ அழு. நான் இந்த வயலைப் பாக்கறேன். அறுத்தது இன்னும் சுருட்டிக் கட்டாமக் கிடக்கு பாரு, மழை வந்தா வீணாப் போகும்... சரி, அவன் வயல், அவன் வைக்கோல்.

"மேவிஸ் கேட்டாளே, கை சும்மா இருந்தா என்ன ஆகும்னு. அதுக்கு எனக்குப் பதில் தெரியும் கண்ணு. அவகிட்டதான் சொல்லல. போன வாரம் காலையில அவர் காப்பி போட்டுக்கிட்டு இருந்தாரு. அளவு தெரியாம கொட்டறாரு, தண்ணி சிந்தறாரு. எழுந்திருக்கக் கூடாதுன்னு மேஜையில ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு உக்காந்தேன். நடுங்கிச்சு. மேஜைமேல வச்ச கை, தடதடன்னு. ஸ்பூன் சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பாத்தாரு. குடிச்சது அவரு. விட்டது அவரு. கை நடுங்கறது எனக்கு. கப்பைக் கொண்டாந்து என் பக்கத்துல வச்சுட்டு, எதிர்ல உக்காந்துக்கிட்டாரு. நான் குளிருதுன்னேன். ஜூன் மாசம்."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததில் முன்மூடி அதிர்ந்தது. அதன் மேலிருந்த டப்பா மெதுவாக, ஒரு ஆமை மாதிரி, விளிம்பை நோக்கி நகர்வதை நோரீன் ஓரக்கண்ணால் பார்த்தாள். விழப் போகிறது. பிடித்துவிடலாம், ஒரு எட்டுதான். பற்களைக் கடித்துக்கொண்டு வயலைப் பார்த்தாள்.

என்ஜின் நின்றது.

"அதுதான் நல்லது, பெட்ரோல் விக்கற விலைக்கு. உள்ளே போனா என்ன சொல்றதுன்னு பயப்படாதே. பேரைச் சொல்லு, அதோட நிறுத்திக்க. ஒருத்தரும் மேலே கேக்க மாட்டாங்க. என்னைத் தவிர. நான்தான் இப்ப அங்க இல்லையே. மேவிஸ் பாக்கத்தான் அப்படி. நான் முதல்தடவை வட்டத்துல உக்காந்தப்போ அவ என்ன பண்ணினா தெரியுமா? அடுப்புக் கையுறையை இன்னும் மாட்டிக்கிட்டே இருந்தேன், கழட்டுன்னு சொல்லல. கூட்டம் முடியற வரைக்கும் சொல்லல. கழட்ட ஒரு ஆள் வேணும்னா நானே கூப்பிடுவேன்னு இருந்திருக்கா... கேக்கறியா கண்ணு?"

கதவுச் சத்தம் கேட்டது. சரளைக்கல்லில் காலடி. அப்புறம் தூரத்தில் அந்த இரும்புக் கை உஸ்ஸென்று மூச்சு விட்டது.

நோரீன் திரும்பினாள். கார் காலியாக இருந்தது. முன்மூடி மேலிருந்த டப்பாவும் இல்லை.

"சொல்லிக்காமப் போறதுதான் இந்தக் காலத்துப் பழக்கம் போல," என்று காரிடம் சொன்னாள் நோரீன். கார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "என் கைப்பை உள்ளே இருக்கு. இல்லன்னா நான் எதுக்கு அந்தப் பக்கம் போறேன்."

கைப்பைக்காகத்தான் போனாள். வட்டத்தில் அவள் விட்டுவிட்டுப் போன நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கைப்பை அவள் காலுக்குப் பின்னால். டப்பா வட்டத்தின் நடுவில் தரையில் இருந்தது. வளையம் மாட்டிய கையில் ஒரு தாள் கசங்கிக் கிடந்தது. அவளே எடுத்த தாள். மேவிஸ் நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. கைப்பையை இப்போது கேட்டால் பேச்சு நடுவில் நிற்கும் என்பதால் நோரீன் அதில் உட்கார்ந்தாள். முழுசாக இல்லை, விளிம்பில்.

அந்தப் பெண் தன் பேரை மட்டும் சொன்னாள். பேர் நல்ல பேர்தான். அது அங்கேயே இருக்கட்டும். வரிசை நகர்ந்தது. தபாலாபீஸ் பெண், "எனக்கு இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது," என்று ஆரம்பித்து அந்த மீதியைச் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள், முடிக்கிறவரை சொன்னாள். நோரீன் தன் கைகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். பிறகு மேவிஸ் கோழியை முறுக்கித் தரையில் வைத்தாள். எல்லாரும் நோரீன் பக்கம் திரும்பினார்கள்.

"நான் நோரீன். நன்றியுள்ள விசுவாசி. என் போராட்டம்…"

வழக்கமான வார்த்தை வரவில்லை. கோழி டிக் டிக்கென்றது. கூடத்தின் அந்தக் கோடியில் ஆண்கள் அறையில் யாரோ சிரித்தார்கள். அதில் வெர்னன் சிரிப்பு எது என்று அவளுக்குத் தனியாகத் தெரிந்தது. மூக்கில் ஏதோ இறங்கியது. பழக்கத்தில் சட்டைப் பையைத் தடவினாள். கைக்குட்டை வெர்னனிடம்.

"எனக்கு... சும்மா இருக்கத் தெரியாது. அவரு நல்லாயிட்டாரு. நான் இன்னும்..." மூக்கை உறிஞ்சினாள். "ஏம்மா, அந்த டப்பாவை யாராவது கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்களேன்."

தபாலாபீஸ் பெண் தன் முழங்காலைப் பார்த்தாள். காரில் இருந்த பெண் நோரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் செருப்பு முனைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது டப்பா. மேவிஸ் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"காது கேக்கலையா உங்களுக்கெல்லாம்? எட்டி எடுக்கற தூரம்தான். ஒண்ணே ஒண்ணு. மேவிஸ், நீயாவது. இந்த ஒருதடவை எடுத்துக் குடு."